குளக்கட்டில் நான் காட்டிய நாலு கோடு

துணுக்காய்ப் பக்கத்தில் எங்கள் ஊர். போனில் கதைப்பதென்றால் குளக்கட்டில் ஏற வேண்டும். கிராமங்களுக்கு அரசாங்கம் டவர் போடப்போகிறது என்று அளக்க வந்த அலுவலர், "இங்க சிக்னல் எப்பிடி ஐயா?" என்று கேட்டார். ஊரை விட்டுக்கொடுக்கலாமோ? "வாங்கோ தம்பி" என்று நேரே கட்டின் உச்சிக்குக் கூட்டிப்போய், என் போனில் நாலு கோடும் நிறைந்து நிற்பதைப் பெருமையாகக் காட்டினேன். 'சிக்னல் உண்டு' என்று எழுதிக்கொண்டு போனார். டவர் பட்டியலில் எங்கள் ஊர் வரவில்லை.

போன மாரியில் ஒருநாள் காலை, விறகெடுக்கப் போன மனைவியைப் பாம்பு கடித்துவிட்டது. அம்புலன்ஸைக் கூப்பிட, சாரத்தை மடித்துக்கட்டிக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினேன். உச்சியில் நின்று பார்த்தால் கையில் இருப்பது டிவி ரிமோட்! திரும்பி ஓடிவருவதற்குள் பக்கத்து வீட்டு யோகம் அக்கா ஓட்டோ பிடித்து அவளை ஏற்றிவிட்டா.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கதை முழுவதையும் கேட்டுவிட்டு மனைவி சொன்னாள்: "இஞ்சேருங்கோ, எந்தச் சனல் போட்டுப் பாத்தனீங்கள்?" வார்டே சிரித்தது. இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் என்று டொக்டர் சொன்னதை நினைத்து, நான் மட்டும் சிரிக்கவில்லை.

இப்போது யார் அளக்க வந்தாலும் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருத்தி, "இதில இருந்து ஒருக்கா வீட்டுக்குக் கதையுங்கோ பாப்பம்" என்கிறேன். ஊரில் ஒருவரும் என்னை ஏசவில்லை. ஆனால் மழைக்குள் ஒரு கர்ப்பிணிப் பிள்ளை போனோடு அந்தக் குளக்கட்டில் வழுக்கி வழுக்கி ஏறும்போது, என்னால் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.