ரூமுக்கு நாலு பேர்

இருளம்மாளை உள்ளே உட்கார வைப்பது கஷ்டம். யார் வீட்டுக்குப் போனாலும் வாசலை ஒட்டித்தான் உட்காருவாள், ஒரு காலை வெளியே நீட்டியபடி. நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக மருந்து அடைக்கிறவள். வெடித்தால் ஓட வேண்டும். அந்தக் கால் வேலை முடிந்தும் மடங்காது.

லைசென்ஸ்படி மருந்து ரூமில் நாலு பேர்தான் இருக்கலாம். சீசன் வந்ததும் ஆறு பேரை உட்கார வைத்தார்கள். சூலக்கரை கலெக்டர் ஆபீசுக்குப் போய் மனுக் கொடுத்தால் கம்பெனிக்குச் சீல். தீபாவளி வரை பட்டினி. நாலு பேர் போதும் என்று நின்றால் ரூமுக்கு ரெண்டு பேருக்கு வேலை போகும். இருளம்மாளின் ரூமில் கடைசியாகச் சேர்ந்த ஆறாவது ஆள் அவள் மகள் அழகுமீனா.

ஞாயிற்றுக்கிழமை காளியம்மன் கோயில் மண்டபத்தில் இருபத்தெட்டுப் பெண்கள் கூடினார்கள். சங்கத்துக்காரனான நான் தீர்மானத்தை எழுதியே கொண்டு போயிருந்தேன். தப்பு. மூன்று பேர் கத்தினார்கள், மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

இருளம்மாள் எழுந்தாள். "இம்புட்டுப் பேரு ஒரே ரூம்ல அடைஞ்சு கெடந்தா எவ வாயத் தொறப்பா? நாலு நாலாப் பிரிஞ்சு உக்காருங்கடி."

"பேசுறதுக்குமா லைசென்ஸு?" என்றாள் வீரலட்சுமி. சிரித்துக்கொண்டே பிரிந்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க வெளிய இருங்க. அந்தத் தாளையும் எடுத்துக்கோங்க" என்றாள் இருளம்மாள் என்னிடம்.

"நீ என்னம்மா சொல்லுத, நாலா ஆறா?"

"நான் சொன்னா மகளுக்காகச் சொன்னதாயிரும். கேக்கத்தான் செய்வேன்."

படியில் உட்கார்ந்தேன். எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத பாண்டிமீனாவின் குரல் கேட்டது. "ஆறு பேருமே இருப்போம். தெனம் ரெண்டு பேரு முறை வச்சு பெட்டி ஒட்டப் போவோம். அதுல கூலி கொறையும். எல்லாருக்குந்தான கொறையும்?"

இருளம்மாள் அதை அடுத்த நாலு பேரிடம் தூக்கிப் போனாள். "போர்மேன் அஞ்சாவது ஆளை உள்ள தள்ளுனா?" என்று அங்கே மடக்கினார்கள். அந்தக் கேள்வி ஏழு குழுவையும் சுற்றியது. திரும்பி வந்தபோது பதில் இருந்தது: அத்தனை பேரும் வெளியே வந்துவிடுவது. யார் சொன்னது என்று யாருக்கும் தெரியவில்லை.

போர்மேன் காசிராஜனிடம் சொன்னார்கள். "பாப்போம்" என்றார்.

திங்கட்கிழமை முதல் முறை இருளம்மாளுக்கும் இன்னொருத்திக்கும். பெட்டி ஒட்டினாள். மகள் உள்ளே. பத்து மணிக்கு, அவசர ஆர்டர் என்று காசிராஜன் ஐந்தாவதாக ஒருத்தியை உள்ளே அனுப்பினார். பசைக் கையோடு இருளம்மாள் எழுந்தாள். ரூமிலிருந்து யாரும் வெளியே வரவில்லை. பிறகு அழகுமீனா வந்தாள். அவள் பின்னால் மற்ற நாலு பேரும்.

"என்னத்தா, வேலை நடக்கணுமா வேண்டாமா?" என்றார் காசிராஜன்.

"நடக்கட்டும். எந்த நாலு பேருன்னு நீங்களே சொல்லுங்க" என்றாள் இருளம்மாள்.

அரை மணி நேரம் வெயிலில் நின்றார்கள். பிறகு காசிராஜன் சரியென்றதும் நாலு பேர் மட்டும் உள்ளே போனார்கள், அவர்களில் அழகுமீனாவும் ஒருத்தி.

நாளைக்கு அவர் என்ன செய்வாரோ. பத்துப் பெட்டிக்கு ஒரு தரம் இருளம்மாள் தலையைத் தூக்கி ரூமில் இருப்பவர்களை எண்ணுகிறாள்.