என் தோளுக்கு இவர் சொன்ன பதில்

போரில் எங்கள் பக்கத்துக்கு மண்ணெண்ணெய் வரத் தடை விழுந்து, தண்ணீர் இறைப்பு இயந்திரம் கொட்டிலில் சும்மா கிடந்த காலம். மிளகாய்க் கன்றுகளுக்கு வாளியால் அள்ளி ஊற்றி ஊற்றி என் வலது தோள் இறுகிவிட்டது. தலை பின்னக் கை எழவில்லை. ஆஸ்பத்திரியில் நோவுக்குக் கொடுக்கக் குளிசை இல்லை. மருதனார்மடத்தில் ஒரு டொக்டர் அக்குபங்சர் செய்கிறார் என்று கேள்விப்பட்டு, என் கணவர் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். அதற்கு நன்றி. நன்றி அதோடு சரி.

டொக்டர் அவித்தெடுத்த மெல்லிய ஊசிகளைத் தோளைச் சுற்றி ஏற்றினார். முழங்காலுக்குக் கீழேயும் ஒன்று. தோள் நோவுக்குக் காலில் ஏன் ஊசி என்று யோசித்தேன். குத்தியது தெரியவில்லை. சற்று நேரத்தில் உள்ளே ஒரு கனம் பரவியது. ஊசிக்கு மின்சாரம் கொடுக்கும் சின்னப் பெட்டி ஒன்றும் அவரிடம் இருந்தது. பற்றரிக்கும் தடை என்பதால் அது மூலையில் கிடக்க, விரலாலேயே ஊசிகளைத் திருகிவிட்டார். சில தரம் போனபின் கை மெல்ல எழத் தொடங்கியது.

"இப்ப எப்பிடியம்மா?" என்று டொக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்பார். பதில் இவரிடமிருந்து வரும்.

"நல்ல சுகம் டொக்டர்."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். புருஷன் பக்கத்தில் நிற்கப் பெண் வாய் திறப்பது மரியாதையில்லையாம். எங்கள் வயிற்றுவலியைக்கூட அவர்கள்தான் சொல்வார்கள்.

ஒருநாள் டொக்டர், "அப்ப இண்டையோடை நிப்பாட்டுவம்" என்றார். தோளில் ஊசிகளோடு இருந்த நான் பொறுக்கமாட்டாமல் சொன்னேன்:

"டொக்டர், நோகிறது எனக்கு. என்னைக் கேளுங்கோ."

இவர் சிரித்தார். "உவ உப்பிடித்தான். வீட்டிலை வாளி தூக்கிறவ."

"ஓம், பல்லைக் கடிச்சுக்கொண்டு தூக்கிறன். நான் தூக்காட்டி ஆர் தூக்கிறது?"

டொக்டரின் முகம் மாறியது. "வாளியை விடச் சொல்லுங்கோ. இன்னும் கொஞ்சநாள் ஊசி ஏத்தினால் கை முழுக்க வரும்."

"அப்ப கண்டுக்கு ஆர் தண்ணி ஊத்துறது?" என்று இவர் கேட்டார். அதையும் டொக்டரிடம்தான் கேட்டார்.

திரும்பி வரும்போது, "இனி நீர் அங்கை போகத் தேவையில்லை. ஆக்களுக்கு முன்னாலை என்னை வெக்கப்படுத்திப்போட்டீர்" என்றார். தனியாகப் போகிறேன் என்றேன். ஊர் கதைக்கும் என்று அதற்கும் விடவில்லை.

கை தோள் மட்டத்தோடு நின்றுவிட்டது. இன்றும் என் தலையை மகள்தான் பின்னிவிடுகிறாள். யாராவது மூட்டு நோவென்று வந்தால் இவர் முந்திக்கொள்கிறார்:

"அக்குபங்சரோ? அது சரிவராது. இவவுக்குச் செய்து பாத்தனாங்கள்."