கொழும்பிலிருந்து ரொறன்ரோ எவ்வளவு தூரம்?

விமான ரிக்கற் விற்கிறவனிடம் ரிக்கற் எடுக்க வருகிறவர்களைவிட, தூரம் கேட்டுச் சண்டை பிடிக்க வருகிறவர்கள்தான் அதிகம். கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் என் கடை. மேசைக்குப் பின்னால் இருந்து பதில் சொல்லியே சீவிக்கிறவர்களுக்கு என் பாடு விளங்கும்.

நேர்கோடு

பூநகரியிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் வந்தார். ரொறன்ரோவில் இருக்கிற மகளிடம் போக வேண்டும். கட்டார் நாட்டு டோகாவில் இறங்கி மாறி ஏற வேண்டும் என்றேன். நம்பவில்லை. தன் போனில் உலகப் படத்தைத் திறந்து, கொழும்பிலிருந்து ரொறன்ரோவுக்கு விரலால் ஒரு கோடு இழுத்தார். தூரத்தை விமானத்தின் வேகத்தால் பிரித்து, பதினைந்து மணித்தியாலத்தில் போய்விடலாம் என்று எனக்கு வகுப்பும் எடுத்தார்.

அப்படி நேரே போகிற விமானமே இல்லை ஐயா என்றேன். என்னைத் தோற்றுப்போன மாணவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "தம்பி, எங்கட பூநகரி பஸ்தான் ஊரெல்லாம் சுத்தும். பிளேனுக்கு என்ன கேடு?"

ஆறு மணித்தியாலம்

லண்டனிலிருந்து விடுமுறையில் வந்த ஒருவர், மாமியாரைத் தன்னோடு கூட்டிப் போக ரிக்கற் எடுத்தார். மத்தியானம் ஒரு மணிக்கு ஏறி, இரவு ஏழு மணிக்கு இறங்குவது. ரிக்கற்றில் உள்ளது அந்தந்த ஊர் நேரம், பறக்கிற நேரம் பதினொரு மணித்தியாலத்துக்குக் கிட்ட வரும் என்று சொல்ல வாயெடுத்தேன். "எனக்கு லண்டன் தெரியும்" என்று கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

மாமியாருக்குச் சீனி வருத்தம், நேரத்துக்கு ஊசி போட வேண்டும். ஆறு மணித்தியாலம்தானே என்று ஊசியையும் குளிசைகளையும் பெரிய பெட்டிக்குள் வைத்து, விமானத்தின் அடியில் போகிற சாமான்களோடு அனுப்பிவிட்டார் மருமகன். பாதி வழியில் மாமியார் மயங்கிவிட்டா. விமானத்தில் வந்த ஒரு டொக்டர் கவனித்ததால் தப்பினா. அடுத்த நாள் மருமகன் எனக்குப் போன் எடுத்தார். நன்றி சொல்ல அல்ல. "லண்டன் நேரம் வேற எண்டு நீர் எனக்கு வடிவாச் சொல்லியிருக்க வேணும்."

கட்டுநாயக்காவுக்கு இங்கால

கனகராயன்குளத்தில் வயல் செய்த கமக்காரர் ஒருவர் இறந்துபோனார். மூத்த மகன் ரொறன்ரோவில். கிடைத்த முதல் விமானத்தில் நான்தான் இடம் எடுத்துக் கொடுத்தேன். "காலமை கட்டுநாயக்கா எயார்போட்டில இறங்குவார். அங்கயிருந்து வான் பிடிச்சு றோட்டால வர அரைநாள் பிடிக்கும். பின்னேரம் வரைக்கும் எடுக்காம வைச்சிருங்கோ" என்று இளைய மகனிடம் இரண்டு தரம் சொன்னேன். ஓம் ஓம் என்றார்.

ஆனால் இரங்கல் உரைக்கு வந்த பிரமுகருக்குப் பின்னேரம் வேறு ஊரில் கூட்டமாம். மத்தியானமே பிரேதத்தை எடுத்துவிட்டார்கள். நான் செத்தவீட்டில் நின்றபோதுதான் வான் வந்தது. மூத்தவர் பயணச் சட்டையோடு இறங்கி, வெறும் பந்தலைப் பார்த்தார். தம்பிக்காரர் கிட்டப் போய்ச் சமாதானம் சொன்னார். "நீ பிளேனில வந்துகொண்டிருக்கிறாய் எண்டு மைக்கில அறிவிச்சுப்போட்டுத்தான் அண்ணை தூக்கினனாங்கள்."

எத்தனை ஆயிரம் மைல் என்றாலும் விமானம் ஆளைக் கொண்டுவந்து இறக்கிவிடுகிறது. மிச்ச அலுவலைக் கெடுக்கத்தான் சொந்தக்காரர் இருக்கிறார்கள்.