லாரன்ஸ் அண்ணாவின் பெட்டிக்கு எஸ்எஸ்டி போட்ட கதை

ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டரைத் திறக்கும்போது எவ்வளவு வம்பு என்று ரிப்பேர் தொழிலில் மாட்டிக்கொண்ட உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எல்லாம் ஒரே பெட்டிக்குள். முன்கண்ணாடியைப் பசை போட்டு ஒட்டியிருப்பான் புண்ணியவான்! கை தப்பினால் புதுக் கண்ணாடிக்கு நாம்தான் தண்டம் அழவேண்டும்.

கண்ணாடிக் கவலை

விவேக் நகரில் இருக்கிற என் கடைக்கு, அப்படியொரு பழைய பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தார் லாரன்ஸ் அண்ணா. அவருக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். காதால் கேட்டே ஒரு கம்பெனியின் கஸ்டமர்களுக்கு வீட்டிலிருந்து மெயில் போடுகிறார். பெட்டி கிளம்பவே அரைமணி நேரம். இன்னொரு தடவை ஒன்பது மணி லாகின் தவறினால் வேலை காலி என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

பழைய டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பறக்கும் என்றேன். கூடவே, கண்ணாடி விரிசல் விட்டால் நான் பொறுப்பில்லை என்ற வழக்கமான பல்லவியையும் பாடினேன். மனுஷன் சிரித்துவிட்டார்.

"ஒடஞ்சா ஒடையட்டும் குரு, அதை நான் என்னைக்குப் பாத்தேன்? உள்ள இருக்கற பைல் போகாம பாத்துக்கோ."

ஒட்டிய மூலை

சூடு காட்டிக் காட்டிக் கண்ணாடியைப் பிரித்துக்கொண்டிருந்தேன். பசை எங்கே விட்டிருக்கிறது, எங்கே பிடித்திருக்கிறது என்று எனக்கு ஒரு எழவும் தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் விளிம்பில் விரலை ஓட்டி, "இழுக்காதே, இந்த மூலை இன்னும் விடல" என்றார். அவர் சொன்ன இடத்தில் இன்னும் கொஞ்சம் சூடு காட்டினேன். கீறல்கூட இல்லாமல் கழன்று வந்தது. அடேயப்பா, என்ன விரல்! கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

என் பார்ட்னர் பயல் மஞ்சு பார்த்துக்கொண்டே இருந்தான்.

"அண்ணா, நாளைலேர்ந்து நீங்க கடைக்கு வந்துடுங்க, இவனை அனுப்பிடலாம்."

எல்லாம் டெஸ்ட் பண்ணியாச்சு

பழைய டிஸ்க்கில் இருந்தது மொத்தமும் புதியதில் ஏறிவிட்டது. ஆன் செய்தால் கண் சிமிட்டுவதற்குள் கிளம்புகிறது. வெளிச்சம், கலர் எல்லாம் பார்த்து, கண்ணாடியை முகம் தெரியும்படி துடைத்து, சாயங்காலமே கொண்டுபோனேன். வியாழக்கிழமை, அண்ணா கோயில் நவநாள் ஜெபத்துக்குப் போயிருந்தார். சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டம்மா கதவைத் திறந்துவிட, மேசையில் வைத்து ஆன் செய்து காட்டினேன். அந்தம்மா வாயைப் பிளந்தார். எனக்கோ பெருமையில் தலைகால் புரியவில்லை.

மறுநாள் காலை போன். பெட்டி ஊமையாக இருக்கிறதாம். ஐயோ, ஸ்பீக்கர் வயரை மாட்டவே இல்லை! அவர் வேலை போச்சே! ஒரு வார்த்தை திட்டவில்லை அந்த மனுஷன்.

"ஹெட்செட்டை மாட்டி எட்டரைக்கே லாகின் ஆயிட்டேன், பயப்படாதே. பக்கத்து வீட்டம்மா பிக்சர் சூப்பர்னு சொல்றாங்க, வந்து எனக்கும் கொஞ்சம் சத்தத்தைக் குடுத்துட்டுப் போ."

இப்போதெல்லாம் எந்தப் பெட்டி வந்தாலும் ஒருமுறை கண்ணை மூடிக்கொண்டும் டெஸ்ட் செய்கிறேன், கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டே கோட்டை விட்டது போதும்.