பக்கத்து வாசலுக்கும் ஒரு கோலம்

என் கைபேசியில் இரண்டு ஊர்களின் வானிலை இருக்கும். ஒன்று நியூ ஜெர்சியில் நான் குடியிருக்கும் பிளெய்ன்ஸ்பரோ. இன்னொன்று நான் பிறந்த ஊர்; மணிப்பூரில், பர்மா எல்லைக்குப் போகும் மலைச்சாலையில் இருக்கிறது. போன மழைக்காலம் முழுவதும் காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயிலுக்கு நின்றபடி இரண்டாவதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே அப்போது சாயங்காலம். விடிந்தால் மழை இருக்குமா என்பதுதான் என் கவலை. "வெகேஷன் பிளானா?" என்று அலுவலகத் தோழி ஒருத்தி எட்டிப் பார்த்துக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். அங்கே மழை பெய்தால் கோலம் கலைந்துவிடும், கோலம் கலைந்தால் ஒரு வயதான அம்மாவின் உயிருக்கு ஆபத்து என்பதையெல்லாம் ரயில் வருவதற்குள் சொல்லி முடிக்க முடியாது.

நியூ ஜெர்சியில் தமிழர்கள் சந்தித்தால் முதல் கேள்வி, "நேட்டிவ் எது?" நான் மணிப்பூர் என்றால், "இல்லங்க, ஒரிஜினல் நேட்டிவ்?" என்பார்கள். தாத்தா பர்மாவில் கடை வைத்திருந்தார், அங்கிருந்து விரட்டப்பட்டவர்களில் சிலர் தமிழ்நாட்டில் காலூன்ற முடியாமல் திரும்பவும் பர்மாவுக்கே போகப் பார்த்து எல்லையில் மாட்டிக்கொண்டார்கள், அதில் நாங்களும் ஒரு குடும்பம் என்று விளக்குவதற்குள் கேட்டவர் சமோசா எடுக்கப் போயிருப்பார். இப்போதெல்லாம் ராமநாதபுரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் ஒரு நாகா வீடு, வலப்பக்கம் ஒரு குக்கி வீடு. இரண்டு வீட்டாரும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார்கள், இரண்டு வீட்டாரும் பன்றி வளர்த்தார்கள். அம்மாவுக்குக் கடைசிவரை பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. காட்டுக்குள் துப்பாக்கியோடு இருந்தவர்களுக்குத் தெரிந்தது. நாகாக்களுக்குத் தனி நாடு கேட்டவர்களின் வரைபடத்தில் எங்கள் மலை இருந்தது. குக்கிகளுக்குத் தனி நிலம் கேட்டவர்களின் வரைபடத்திலும் அதே மலை இருந்தது. நடுவில் மளிகைக் கடை வைத்திருந்த எங்களை யாரும் ஒன்றும் செய்யவில்லை. எங்களுக்கு எந்த மலையும் வேண்டாம் என்று எல்லோருக்கும் தெரியும்.

நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது சண்டை மூண்டது. இடப்பக்கத்து வீட்டார் சட்டிபானையோடு லாரி ஏறிப் போனார்கள். அன்றைக்கே ஆட்கள் வந்தார்கள். ஜன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தேன். கையில் மண்ணெண்ணெய் டின். எங்கள் வாசலில் அம்மா போட்டிருந்த கோலத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனார்கள். அந்த வீடு மத்தியானம் வரை எரிந்தது. வேறு மலைகளில் குக்கி வீடுகள் அதேபோல எரிந்துகொண்டிருப்பதாக அப்பா சொன்னார். அதற்குப் பிறகு எங்கள் ஊர்த் தமிழ் வீடுகளில் அழகுக்கென்று யாரும் கோலம் போடவில்லை. இது தமிழ் வீடு என்று வெளியாட்களுக்குச் சொல்லத்தான் போட்டார்கள். சுவரிலும் ஆங்கிலத்தில் பெரிதாகத் தமிழ் என்று எழுதிவைத்தோம்.

அப்பாவும் அம்மாவும் போன பிறகு கடையும் வீடும் அண்ணனிடம் வந்தன. மதினி பரமக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி அந்த மலைக்கு வந்தவள். வலப்பக்கத்துக் குக்கி வீட்டில் ஆன்ட்டி மட்டும் தனியாக இருந்தார். அவருடைய மகள் என் சிநேகிதி. எங்கள் அடுப்படியில் பாதி வளர்ந்தவள், தமிழில் என்னைவிட வேகமாகத் திட்டுவாள். இப்போது டாலஸில் நர்ஸாக இருக்கிறாள்.

மணிப்பூரின் பள்ளத்தாக்கில் சில வருடங்களாக அணையாமல் இருந்த நெருப்பு போன வருடம் எங்கள் மலைக்கும் ஏறிவந்தது. மறுபடியும் நாகா, குக்கி. இணையத்தை நிறுத்தினார்கள். சாலையை மறித்தார்கள். சாதாரண போன் மட்டும், அதுவும் மனம் வைத்தால், கிடைத்தது. சிநேகிதி டாலஸிலிருந்து தினமும் என்னைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அம்மாவுக்கு விசா அப்ளை பண்ணியிருக்கேன்டீ. இன்டர்வியூக்குக் கல்கத்தா போகணும். ரோடே இல்லாம எப்படிப் போவா?"

"எங்க வீட்டுல வந்து இருக்கச் சொல்லு."

"உங்கண்ணன் சொல்லிட்டாங்க. வந்து படுத்துக்கறா. விடிஞ்சதும் பன்னிக்குத் தீனி வைக்கணும்னு ஓடிடறா. நான் இங்க ஐசியூல யார் அம்மாவையோ பாத்துக்கிட்டு நிக்கறேன். என் அம்மாவுக்குப் பன்னிதான் பெருசு."

அவளுடைய அம்மா வீட்டுச் சுவரிலும் தமிழ் என்று எழுதிவிடலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாச் சுவத்துலயும் எழுதினா நம்ம சுவத்த எவன் நம்புவான்? உனக்கென்ன, நீ அங்க உக்காந்துக்கிட்டுச் சொல்லுவ" என்றான். கோபம் வந்தது. அவன் சொன்னது சரியாக இருந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

சிநேகிதிதான் யோசனை சொன்னாள். "எங்க வாசல்லயும் ஒரு கோலம் போடச் சொல்லேன். எழுதினாத்தானே பொய்? கோலம் யார் வேணா போடலாம்ல?"

மதினியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "மாவு என்ன குறைஞ்சா போகுது பாப்பா, நாளையிலேருந்து போடுறேன்" என்றாள். கதவுக்கு மேலே இருந்த சிலுவையைக் கழற்ற மாட்டேன் என்று ஆன்ட்டி பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். "இருக்கட்டும். தமிழ்க் கிறிஸ்தவங்கன்னு நினைச்சுக்கட்டும்" என்று மதினி சிரித்தாள். அப்படித்தான் மேலே சிலுவையும் கீழே கோலமுமாக அந்த வீடு நின்றது. ஊருக்குள் இரண்டு முறை வெளியாட்கள் வந்து போனதாகவும் அந்த வாசலைத் தாண்டிப் போய்விட்டதாகவும் அண்ணன் சொன்னான். கோலத்தால்தானா என்று எனக்குத் தெரியாது. அதை நம்புவதைத் தவிர எனக்கு வேறு வேலையும் இல்லை.

மழைதான் பிரச்சினை. ஐசலினில் ஓக் ட்ரீ ரோட்டில் ஒரு கடையில் பிளாஸ்டிக் ஸ்டிக்கர் கோலம் விற்கிறார்கள், தண்ணீர் பட்டாலும் அழியாது. ஒரு சனிக்கிழமை போய் இரண்டு வாங்கினேன். கூரியர் கடைக்காரர் ஊரின் பின்கோடைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அங்க போகாது மேடம்" என்றார். எப்போது போகும் என்று கேட்டேன். அவர் என்ன செய்வார், உதட்டைப் பிதுக்கினார். வாங்கியதை வீணாக்க வேண்டாமே என்று ஒன்றை என் அபார்ட்மென்ட் வாசலில் ஒட்டினேன். "இட்ஸ் க்ரூக்கட், அம்மா" என்றாள் என் மகள். கோணலாகத்தான் இருந்தது. விட்டுவிட்டேன்.

அந்தச் சமயத்தில் லிவர்மோரில் பெரியப்பா இறந்துபோனார். அப்பாவின் அண்ணன், மகனோடு கலிஃபோர்னியாவில் இருந்தவர், நல்ல வயதான சாவு. பங்காளி வீட்டுக்குத் துக்கம் சொல்லியாக வேண்டும் அல்லவா? அண்ணனுக்குப் போன் அடித்துக்கொண்டே இருந்தேன். லைன் கிடைத்து மதினி எடுத்தபோது ஏதோ சாதித்ததுபோல இருந்தது.

"மதினி, லிவர்மோர் பெரியப்பா தவறிட்டாங்க."

"அடக் கடவுளே. சரி பாப்பா, அண்ணன் வந்ததும் சொல்லிடுறேன். தலைக்கு ஊத்திக்கிறோம்."

அவ்வளவுதான் பேசினோம். வேறு எதுவும் எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. துக்கம் என்றால் கருமாதி முடியும்வரை வாசலில் கோலம் கிடையாது. தீட்டுக் கையால் அடுத்தவர் வாசலிலும் போடக் கூடாது. இதையெல்லாம் எங்களில் யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாக நின்றுவிடும். மதினியின் கையும் நின்றது.

ஆன்ட்டியும் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் இரண்டு சாவு பார்த்தவர், வாசல் ஏன் வெறுமையாக இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். துக்க வீட்டில் போய் எனக்குக் கோலம் போடு என்று எப்படிக் கேட்பார்? அரிசியும் வாழைக்காயும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, யாரென்றே தெரியாத எங்கள் பெரியப்பாவுக்காக மதினியின் கையைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் ஜெபம் செய்துவிட்டுப் போனாராம்.

துக்கம் முடியும் முன்பே ஒரு காலையில் ஆட்கள் வந்தார்கள். யார் என்று அண்ணன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எங்கள் சுவரில் எழுத்து இருந்தது. ஆன்ட்டி வீட்டுச் சுவரில் ஒன்றுமில்லை, வாசலிலும் ஒன்றுமில்லை, கதவுக்கு மேலே சிலுவை மட்டும் இருந்தது. மதினி பின்பக்கமாக ஓடி ஆன்ட்டியை எங்கள் கொல்லைக்கு இழுத்துவந்துவிட்டாள். கொட்டிலில் பன்றிகள் கத்தின. ஆன்ட்டி கையை உதறிக்கொண்டு புகைக்குள் திரும்ப ஓடினார். பன்றிகள் வெளியே வந்தன. அவர் வரவில்லை.

அண்ணன் இதை மெதுவாக, கடைக் கணக்குச் சொல்வதுபோலச் சொன்னான். கடைசியில், "உன் மதினி இன்னும் கொல்லையிலயே உக்காந்திருக்கா" என்றான். நான் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தேன். ரயில் வந்தது, ஏறினேன். அலுவலகத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்து தலையாட்டினேன். நான் உபயோகமில்லாதவள் என்று அன்றைக்குத் தெரிந்ததுபோல என்றைக்கும் தெரிந்ததில்லை.

சிநேகிதிக்கு அவளுடைய சர்ச் ஆட்கள் மூலம் செய்தி போயிருந்தது. சில நாள் கழித்து அவள் கூப்பிட்டபோது நான் வேலையிலிருந்து திரும்பி என் கதவின் முன்னால் சாவியோடு நின்றிருந்தேன். காலடியில் அந்த ஸ்டிக்கர் கோலம் இருந்தது. பெரியப்பாவின் துக்கத்துக்காக அதை உரித்தெடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்தக் கதவைக் கொளுத்த ஒருவனும் வரப்போவதில்லை.

அவள் அழவில்லை. "ஒண்ணே ஒண்ணு சொல்லு. அன்னிக்கு எங்க வாசல்ல கோலம் இருந்துச்சாடீ?"

இல்லை என்றால் மதினியின் கையைப் பற்றி அவள் வாழ்நாள் முழுக்க யோசிப்பாள். பிறகு பெரியப்பாவின் சாவைப் பற்றி, பிறகு நான் போட்ட போனைப் பற்றி யோசிப்பாள்.

"இருந்துச்சு" என்றேன்.

பிறகு, "அப்ப அதையும் மிதிச்சிட்டுத்தான் போயிருக்கானுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "மதினிக்கு தேங்க்ஸ் சொல்லுடீ. கடைசி வரைக்கும் போட்டாங்கல்ல" என்றாள்.

கருமாதி முடிந்துவிட்டது. மதினி மறுபடியும் கோலம் போடுகிறாள். எங்கள் வாசலிலும் போடுகிறாள், எரிந்துபோன அந்த வீட்டு வாசலிலும் கரியைக் கூட்டித் தள்ளிவிட்டுத் தினமும் போடுகிறாள். யாருக்காகப் போடுகிறாய் என்று அண்ணன் கேட்டால் அடுத்த புள்ளியை வைக்கிறாளாம். நான் கூப்பிட்டால் எடுக்கிறாள், மகளின் படிப்பை விசாரிக்கிறாள், அங்கே குளிரா என்று கேட்கிறாள். சிநேகிதி சொல்லச் சொன்னதை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.