‘அப்பா’ என்ற பொத்தான்

எழுபதுகளின் கடைசியில் தூத்துக்குடியில் நான் முதன்முதலாகக் கம்ப்யூட்டரைப் பார்த்தது ஒரு கப்பல் ரேடியோ ஆபீசர் வீட்டில்தான். வெளிநாட்டிலிருந்து அவர் கொண்டுவந்த அந்த மெஷின் அடிக்கடி நின்றுபோனது. கரண்டு குறைகிறதோ என்று பார்க்க, வயரிங் வேலை செய்யும் என்னைக் கூப்பிட்டிருந்தார். ஒல்லியான மனிதர். பேசும்போதுகூட அவர் விரல் மேசையில் தந்தி அடித்துக்கொண்டே இருந்தது. மறுநாள் அவர் கப்பலேற வேண்டும்.

அவருடைய சின்ன மகளுக்குப் பேச்சு வராது. அவள் பொத்தானை அழுத்தினால் தண்ணி, பசி, வலி என்று ஆங்கில எழுத்தில் திரையில் வரும்படி செய்திருந்தார். ‘அப்பா’வுக்கு மட்டும் சொல்லோடு ஒரு கப்பலும் மெல்ல நகர்ந்து போகும்.

“கரண்டு சரியாத்தான் இருக்கு அண்ணாச்சி,” என்றேன்.

“அப்பம் மெஷினுக்குள்ளதான் இடம் பத்தல தம்பி. நான் போன பொறவு நின்னுச்சுன்னா இவ என்ன செய்வா?”

மெஷினுக்காக எழுதியிருந்த கட்டளைகளையெல்லாம் திரையில் வரிவரியாக ஓட்டிப் பார்த்தார். பாதி இடத்தைக் கப்பல் படம்தான் அடைத்திருந்தது.

“படத்த மட்டும் எடுத்துருதேன். பேரு இருக்கட்டும்,” என்றார் பக்கத்தில் நின்ற மனைவியிடம்.

“பேரையும் எடுத்துருங்க,” என்றார் அந்த அம்மா. “நீங்க கடல்ல இருக்கும்போது அவ அத அமுக்குனா, நான் யாரக் கூட்டிட்டு வர?”

அவர் இரண்டையும் அழித்தார். அதன்பிறகு மெஷின் நிற்கவில்லை. தண்ணி வந்தது, பசி வந்தது. மகள் அடுத்து கப்பல் வரும் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடியும் அழுத்திப் பார்த்துவிட்டு, திரும்பி அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“இங்கனதானம்மா இருக்கேன்,” என்றார்.

அவள் விடவில்லை. மறுநாள் அந்தப் பிடியை எப்படி விடுவித்துக்கொண்டு கப்பலேறினாரோ, இன்றைக்கும் எனக்குத் தெரியாது.