அனுமதி வராத விருந்தாளி

தொண்ணூறுகளின் கடைசியில், வெளிநாட்டுப் பொறியாளர் பீட்டரும் நானும் இரு நாட்டு ஒப்பந்தத்தில் ராணுவ ராடார் செய்தோம். ஒரு திருகாணி மாற்றவும் டெல்லி அனுமதி வேண்டும். அவரை வீட்டு விசேஷத்துக்குக் கூப்பிடவும்தான். காஞ்சிபுரத்தில் என் மகள் கல்யாணம் வந்தது, அனுமதி வரவில்லை.

ஆனாலும் பீட்டர் வந்துவிட்டார். எனக்குச் சிக்கல் வரக்கூடாதென்று மண்டபத்துக்குள் நுழையாமல் எதிர் டீக்கடையோரம் நின்றார். வேலை போய்விடுமோ என்று பயந்து நான் வாசலைத் தாண்டவில்லை.

"பாவங்க, வெயில்ல நின்னுக்கினு இருக்காரு," என்று என் மனைவி சந்தனமும் கற்கண்டும் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தாள். அவர் சந்தனம் பூசிக்கொண்டு, என்னைப் பார்த்துக் கைகூப்பிவிட்டுப் போனார்.

அடுத்த வருடம் விதியைத் தளர்த்தினார்கள். தகவல் சொன்னாலே போதுமாம். அதற்குள் அவர் நாடு திரும்பியிருந்தார்.

பழைய விதிகூட அனுமதியில்லாமல் அவரை அழைக்கக் கூடாதென்றுதான் சொன்னது. தெருவைக் கடந்துபோய் அவர் கையைப் பிடிக்கக் கூடாதென்று சொல்லவில்லை.